எதுவரைக்கும் மாமா

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து மகள் போன் பண்ணினாள். நாய் வளர்க்கிறாளாம். அதற்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமாம், மூன்று வகை இருக்கிறதாம். முதல் வகையில் அடிபட்டால் மட்டும் செலவைக் கொடுப்பார்கள். இரண்டாவதில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் சேரும். மூன்றாவதில் ஆபரேஷன் வரைக்கும் உண்டு. "எதம்மா எடுக்கலாம்?" என்று கேட்டுவிட்டு, "ரங்கூன்ல தோசை சுட்டுக்கிட்டிருக்கற உங்கிட்டப் போய் இதக் கேக்குறேன் பாரு" என்று அவளே சிரித்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாய்க்கு இன்சூரன்ஸ் எனக்கொன்றும் புதிதில்லை. இவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே எங்கள் தெருவில் அது நடந்தது.

"எதுவரைக்கும் மாமாவ ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"நாய்க்கெல்லாம் கயிறு கட்டுவாரே, அவரா?"

அவரேதான். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. பெயர் என்னவென்று இப்போது யோசித்தாலும் எனக்கு வாயில் வருவது இதுதான்.

நான் ரங்கூனில் லத்தா என்கிற பேட்டையை ஒட்டிய அந்தத் தெருவுக்குக் குடிவந்தது தொண்ணூறில். முனையில் கடை போட்டேன். மாமா மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். அரசாங்க இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் சரக்குப் பிரிவு. சரக்குக்குக் காப்பு எழுதும்போது முதல் கேள்வியே எந்தத் துறைமுகம் வரைக்கும் என்பதுதானாம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் கேள்வி அவர் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது என்று தெருவில் சொல்வார்கள்.

மார்க்கெட்டுக்குக் கிளம்பினால், "எது வரைக்கும்?" என்பார். புதுக்குடை வாங்கி வந்தால் விரித்துப் பார்த்துவிட்டு, "இது எது வரைக்கும் தாங்கும்?" என்பார். இரண்டாவது மாடிப் பெண் ஒரு பர்மாக்காரப் பையனோடு படிக்கட்டில் நின்று பேசுவதை வீட்டுக்கு வீடு முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் அவளையே நிறுத்தி, "எது வரைக்கும்மா?" என்று கேட்டார். "கல்யாணம் வரைக்கும் மாமா" என்றாள் அவள். "அப்ப சரி" என்று குடையை ஊன்றிக்கொண்டு படியேறிவிட்டார். அந்தக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதும் அவர்தான்.

கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை, பழுப்பு நிற லோஞ்ஜி என்கிற பர்மாக் கைலி, கையில் குடை, பின்னால் ஷ்வே. ஷ்வே என்பது அவருடைய பெட்டை நாய். பர்மா பாஷையில் பொன் என்று அர்த்தம். அப்படியொன்றும் பொன்னிறமில்லை, நனைந்த சாக்கு நிறம்தான். தினமும் காலையில் இரண்டு பேரும் மாடியிலிருந்து இறங்கி முனைக்கு வருவார்கள். மாமா என் கடையில் ஒரு தோசை சாப்பிடுவார். ஓரத்து முறுகல் ஷ்வேக்கு. அது வாசலில் உட்கார்ந்து அந்த முறுகலுக்காகக் காத்திருக்கிற மரியாதையை நான் என் வீட்டுக்காரரிடம்கூடப் பார்த்ததில்லை.

தெருவில் நாய்கள் அதிகம். வீட்டு நாய், தெரு நாய் என்ற வித்தியாசமும் பெரிதாகக் கிடையாது. சோறு போடுகிறவர் வீட்டு நாய், அவ்வளவுதான். அதற்கு நோவு வந்தால்தான் தகராறு. எங்கே கொண்டுபோவது, யார் தூக்குவது, இவ்வளவு செய்ய வேண்டுமா என்று வீட்டுக்குள் ஆளுக்கொரு பேச்சு எழும். பேசி முடிப்பதற்குள் நாய் செத்துப்போகும். இப்படி ஒரே மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாய்கள் போனதைப் பார்த்த பிறகுதான் மாமா அந்த ஏற்பாட்டை ஆரம்பித்தார்.

பணமாக வேண்டாம் என்றார். கையிலிருந்த நோட்டு செல்லாது என்று ஒரே நாளில் ரேடியோவில் சொன்ன காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் அரிசி. படிக்கட்டுக்கு அடியில் ஒரு தகர டிரம். வாராவாரம் கட்டிப்பால் டின்னால் அளந்து அதில் போட வேண்டும். நாய்க்கு ஏதாவது ஆனால் சைக்கா மிதிக்கிறவனுக்கும் படகுக்காரனுக்கும் டாக்டருக்கும் அந்த அரிசி போகும். சைக்கா என்றால் பக்கத்தில் இருக்கை வைத்த மிதிவண்டி. எங்கள் தெருவுக்கு அது கோ தூன் என்ற பர்மாக்காரனுடையது.

காப்பில் மூன்று படி வைத்திருந்தார். முதலாவது, தெரு வரைக்கும். மருந்துக்கடைக்காரர் வந்து பார்ப்பார், வலிக்கு மருந்து கொடுப்பார், தெருவில் முறை போட்டு யாராவது கூட இருப்பார்கள். இரண்டாவது, கரை வரைக்கும். ஊருக்குள் இருக்கிற மாட்டு டாக்டரிடம் கொண்டுபோய் ஊசி, கட்டு எல்லாம். மூன்றாவது, அக்கரை வரைக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் மாடும் தோட்டமுமாக ஒரு கால்நடை டாக்டர் இருந்தார். அறுவை செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று பேர். படகில் அவரிடம் கொண்டுபோக வேண்டும். தெருவுக்கு ஒரு டின் அரிசி என்றால் கரைக்கு இரண்டு, அக்கரைக்கு நாலு.

சித்திரைப் பிறப்பும் பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருநாளும் சேர்ந்து வருகிற வாரத்தில், தெருவெல்லாம் ஈரமாகக் கிடக்கும்போது, மாமா கயிறுகளை எடுத்துக்கொண்டு இறங்குவார். கோயிலில் காப்புக் கட்டுகிற மாதிரியே நாயின் கழுத்தில் கட்டுவார். தெருவுக்கு வெள்ளை, கரைக்கு மஞ்சள், அக்கரைக்குச் சிவப்பு. தெருவில் எந்த நாய் விழுந்து கிடந்தாலும் கயிற்றைப் பார்த்தால் போதும், அதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் கேட்ட கயிற்றைக் கட்டிவிட மாட்டார். நாயைக் கூட்டி வரச்சொல்லி அதைத் தடவிப் பார்ப்பார். வயசு, பல், ரோட்டுக்கு ஓடுமா, வீட்டிலேயே கிடக்குமா என்று விசாரிப்பார். பிறகு நம் முகத்தைப் பார்த்து, "எது வரைக்கும்?" என்பார்.

"எதுக்கு மாமா இப்பவே இதெல்லாம்? வந்தா பாத்துக்கலாமே" என்று ஒருமுறை நான் சலித்துக்கொண்டேன்.

"வந்த அன்னிக்கு நீ நீயா இருக்க மாட்ட புள்ள. அழுதுக்கிட்டு நிப்ப. அழுகுற ஆளுக்கிட்ட வழி கேக்கக் கூடாது. இப்ப சொல்லு, சொல்லிட்டு மறந்துடு. அன்னிக்கு உங்கிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

என் ஜிம்மி பஸ்ஸைத் துரத்துகிற ஜாதி. சின்ன வயசு. அதற்குச் சிவப்பு என்று அவரே சொன்னார். நாலு டின் அரிசியா என்று என் வீட்டுக்காரர் முனகினார். நான் கட்டச் சொல்லிவிட்டேன்.

அடுத்த மழையிலேயே ஜிம்மி பஸ்ஸுக்கு அடியில் போனது. பின்னங்கால் நசுங்கித் தொங்கியது. நான் தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நடு ரோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை. மாமா சொன்ன மாதிரியே ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் தெரு டீச்சரம்மா பழைய லோஞ்ஜியில் ஜிம்மியைச் சுற்றினார். கோ தூன் சைக்காவைக் கொண்டுவந்து நிறுத்தினான். மருந்துக்கடைக்காரர் டிரம்மைத் திறந்து அரிசியை மூட்டை கட்டினார். மாமா குடையைப் பிடித்துக்கொண்டு நாயோடு ஏறி உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் ஜிம்மி மூன்று காலோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தது. மூன்று காலோடும் பஸ்ஸைத் துரத்தியது, அந்த அறிவுகெட்டது.

டீச்சரம்மா கதை வேறு. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். அவர் நாய்க்குக் கண் தெரியாது, பல்லும் இல்லை. அதற்குச் சிவப்புக் கயிறுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மாமா கட்ட மாட்டேன் என்றார்.

"என் அரிசி, என் நாய். உங்களுக்கென்ன?" என்றார் டீச்சரம்மா.

"டீச்சர், கண்ணு தெரியாத நாயப் படகுல ஏத்தி, முன்னப்பின்ன தெரியாத ஆளு கத்திய வச்சா அது என்ன நெனைக்கும்? நீங்க சிவப்பு கேக்குறது நாய்க்காவா, உங்களுக்காவா?"

டீச்சரம்மா நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாள் மாமாவோடு பேச்சு இல்லை. வெள்ளைக் கயிற்றை மட்டும் பிறகு ஆள் விட்டு வாங்கிக்கொண்டார். குளிர்காலத்தில் அந்த நாய் படுத்தது. தெருவே முறை வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நானும் ஒரு மத்தியானம் இருந்தேன். அது டீச்சரம்மா மடியில் தலைவைத்து, அவர் கை வாசனையை மோந்துகொண்டே போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு டீச்சரம்மா வீட்டில் வடை சுட்டால் ஒரு தட்டு மூன்றாவது மாடிக்குப் போகும்.

இந்த மனுஷனுக்கு எங்கிருந்து இந்தக் கேள்வி வந்தது என்று நான் ரொம்ப நாள் கப்பல் சரக்கையே நம்பிக்கொண்டிருந்தேன். கோ தூன்தான் ஒரு நாள் சொன்னான். மழைக்கு என் கடையில் ஒதுங்கி நின்றவன், மாமா குடையோடு தெருவைக் கடப்பதைப் பார்த்துவிட்டு, தானாகவே ஆரம்பித்தான். அவன் பேசுவதெல்லாம் பர்மா பாஷையில்தான். நான் தமிழில் சொல்கிறேன். மாமாவை அவன் ஊலே என்பான், அதற்கும் மாமா என்றுதான் அர்த்தம்.

"அக்கா, நீங்க அப்போ இங்கே இல்லை. எண்பத்தெட்டுல அரசாங்கத்த எதிர்த்து ஊரே கொந்தளிச்சுக் கிடந்துச்சு. கடை கண்ணி எல்லாம் மூடிட்டாங்க. அந்த நேரத்துல ஊலே சம்சாரத்துக்கு வயித்து வலி. சுருண்டுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு என் சைக்காவுலதான் ஏத்தினோம். இதோ, உங்க கடை இருக்கற இந்த முனை வரைக்கும் வந்தோம். எதிர்ல ஜனங்க ஓடி வந்தாங்க. அந்தப் பக்கம் போகாதே, பட்டாளத்தாளுங்க சுடுறாங்கன்னாங்க. சத்தமும் கேட்டுச்சு. நான் மிதிக்கறத நிறுத்திட்டு, 'திருப்பட்டுமா ஊலே?'ன்னு கேட்டேன்."

அவன் மழையில் நனைந்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"அவரு முன்னால பாத்தாரு. அம்மாவப் பாத்தாரு. வீட்டப் பாத்தாரு. வாயத் திறந்தாரு, பேச்சு வரல. அப்படியே நின்னோம். கடைசில திருப்புன்னாரு. மறுநாள் காலையில அம்மா போயிட்டாங்க. வேற தெரு வழியா சுத்திப் போயிருக்கலாமோ என்னமோ. போயிருந்தா நாங்க மூணு பேருமே செத்திருக்கலாம். எனக்குத் தெரியல. ஆனா நான் கேட்டிருக்கக் கூடாதுக்கா. பேசாம மிதிச்சிட்டே போயிருக்கணும்."

தினமும் காலையில் அவர் அந்த முனைக்கு வந்து உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறார். நானும் சட்னி போதுமா மாமா, சாம்பார் விடட்டுமா மாமா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் எது வரைக்கும் என்று கேட்டால் யாரோடும் சேர்ந்து என்னால் சிரிக்க முடியவில்லை.

தொண்ணூற்றெட்டிலோ ஒன்பதிலோ, சித்திரையில், அவர் ஷ்வேக்கு வெள்ளைக் கயிறு கட்டினார். அதுவரை சிவப்புதான் கட்டிக்கொண்டிருந்தார். டீச்சரம்மா விடவில்லை.

"சொந்த நாய்க்கே வெள்ளையா? உபதேசமெல்லாம் ஊருக்கு மட்டுந்தானாக்கும்னு பாத்தேன்" என்று கேலி செய்தார்.

"வயசாயிடுச்சு டீச்சர். அதுவும் இது தண்ணியக் கண்டா நடுங்குற நாயி. குளிப்பாட்டவே நாலு பேரு வேணும். இத ஆத்துல கொண்டுபோனா பயத்துலயே போயிடும். தெரு வரைக்கும் போதும். நல்லா யோசிச்சுத்தான் கட்டுறேன்."

சரியான கயிறுதான். எல்லாருக்கும் அது தெரிந்தது.

ஆவணி மழையில் ஷ்வேக்கு வயிறு வீங்கியது. மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் சீழ் வைத்திருக்கிறது, அறுத்தால்தான் உண்டு என்றார். அறுவை என்றால் டாலாதான். தெருவே மூன்றாவது மாடியில் கூடிவிட்டது. டிரம் நிறைய அரிசி இருக்கிறது, கோ தூன் கீழே நிற்கிறான், கிளம்புங்கள் என்றோம். மாமா அசையவில்லை.

"கயிறு வெள்ளை" என்றார்.

"கயித்த மாத்திக் கட்டிட்டாப் போச்சு மாமா. யாரு கேக்கப் போறா?" என்றேன்.

"நோவு வந்த பொறகு காப்பு எழுதுறதில்ல புள்ள. இன்னிக்கு எனக்காவ மாத்துனா நாளைக்கு எல்லாரும் இப்படி நிப்பாங்க. அன்னிக்கு நல்ல புத்தியோட முடிவு பண்ணுனேன். இன்னிக்கு என் புத்தி நல்லால்ல. இன்னிக்கு நான் சொல்றதக் கேக்காதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. கல்நெஞ்சு என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, அவர் கையைப் பார்த்தேன். ஷ்வேயின் கழுத்தில் அந்தக் கை வெள்ளைக் கயிற்று முடிச்சையே நெருடிக்கொண்டிருந்தது. வலிக்கு மருந்து கொடுத்தோம். முறை போட்டு உட்கார்ந்தோம். மாமா சாப்பிடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை. மழை சற்று விட்டிருந்தது. நான் கல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் ஷ்வே தெருவில் வந்துகொண்டிருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடந்த நாய் எப்படி மூன்று மாடி இறங்கியதோ தெரியாது. வழக்கமாக வருகிற நேரம், அதனால் வந்தது. ஓர் அடி வைக்கும், நிற்கும். பின்னால் மாமா, சட்டைப் பொத்தான்கூடப் போடாமல், குடை இல்லாமல். முனைக்கு வந்ததும் ஷ்வேக்குக் கால் மடங்கியது. என் கடை வாசலில் அது முறுகலுக்காக உட்காருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரத்தில் விழுந்தது. விழுந்தபடியே தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

மாமா நின்றார். முன்னால் ரோட்டைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்தார். எதிரே கோ தூன் சைக்காவில் உட்கார்ந்திருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. பெடலில் ஒரு காலை மட்டும் தூக்கி வைத்தான்.

மாமா குனிந்து ஷ்வேயைத் தூக்கினார். நேராகப் போய் சைக்காவில் ஏறினார். நான் அடுப்பை விட்டு ஓடி, "அரிசி கட்டித் தரேன் மாமா, இருங்க" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். டிரம் அரிசி வெள்ளைக் கயிற்றுக்கு ஆற்றைத் தாண்டாது. தன் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். அதை டாக்டருக்குக் கொடுத்துக்கொள்வாராம்.

"எது வரைக்கும் மாமா?" என்று கேட்டுவிட்டேன். கேலிக்காக இல்லை. வேறு வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை.

"தெரியல புள்ள" என்றார். அவர் வாயிலிருந்து அந்தப் பதிலை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சைக்கா டாலா படகுத்துறைப் பக்கம் போனது. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அன்று நான் சுட்ட தோசைகள் தோசையாகவே இல்லை. மத்தியானம் தாண்டி மாமா வந்தார். நனைந்து ஒட்டிய சட்டை, வெறும் கை. மணிக்கட்டில் கடிகாரம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பெஞ்சில் உட்காரவைத்துத் துண்டு கொடுத்தேன். டீ வைத்தேன். கோ தூன் சைக்காவை வாசலில் நிறுத்திவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் துறையிலேயே காத்திருந்திருக்கிறான். வழியெல்லாம் மாமா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

மாமா டீயைக் குடித்தார். பிறகுதான் சொன்னார்.

"சம்பான் படகுலதான் போனோம். மடியில வச்சிருந்தேன். தண்ணியப் பாத்துச்சு புள்ள. நடுங்கவே இல்ல. எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. பாதி ஆத்துல போயிடுச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"படகுக்காரன் பாத்துட்டான். துடுப்ப நிறுத்திட்டுக் கேட்டான்" என்றவர், படகுக்காரன் கேட்டதை மட்டும் பர்மா பாஷையிலேயே சொன்னார். "திருப்பட்டுமா ஊலே?"

வாசலில் கோ தூன் தலை நிமிர்ந்தது.

"திருப்பாத, போ அப்படின்னேன். மழை, காத்து. படகு அந்தப் பாடு பட்டுச்சு. போனான். டாலாவுல எறங்கி டாக்டரு வீடு வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். செத்ததக் கொண்டாந்திருக்கீங்களேன்னாரு. ஆமான்னேன். தோட்டத்துல அவரே மண்வெட்டி எடுத்துக் குடுத்தாரு."

டம்ளரை வைத்தார். ரோட்டைப் பார்த்தார், அந்த முனையை.

"போயிட்டேன் புள்ள. இந்தத் தடவ அக்கரை வரைக்கும் போயிட்டேன்."

கோ தூனுக்குத் தமிழ் தெரியாது, அந்த ஒரு கேள்வி மட்டும்தான் புரிந்திருக்கும். அவன் உள்ளே வந்து மாமாவின் காலடியில் ஈரத்தரையில் உட்கார்ந்துகொண்டு, மூஞ்சியை லோஞ்ஜியில் பொத்தியபடி அழ ஆரம்பித்தான். மாமா அவன் தலைமேல் கையை வைத்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கடைப் பலகையைப் போட்டேன்.